சோபா இருக்க வேண்டிய இடம்

அலமாரி ஸ்பீக்கர் என்று பெயர் வைத்தார்களே தவிர, அதை அலமாரியில் வைக்கக் கூடாது. வைத்தால் பலகையும் சேர்ந்து பாட ஆரம்பித்துவிடும். முதல்முறை வாங்குகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் இந்தத் தவறைச் செய்துவிட்டு, வாங்கின பெட்டியைக் குறை சொல்வார்கள். ஆய்வாளர் சார், நீங்களும் ஒரு ஜோடி வாங்குகிற யோசனையில் இருப்பதாக நேற்று சொன்னீர்கள். என் வாயைக் கிளறத்தான் சொன்னீர்கள் என்று தெரியும். இருந்தாலும் நிஜமாகவே வாங்கிவிட்டால் பாவம், கெட்டுப்போகக் கூடாது என்பதற்காக இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

பத்து நாளைக்கு முன்பு நான் கொடுத்த வாக்குமூலம் உங்களிடம் இருக்கிறது. என் அக்கா அவளுடைய அறையில் மூச்சுத்திணறி இறந்த மாலை, நான் கூடத்தில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்றும், அவள் கதவைத் தட்டியது என் காதில் விழவில்லை என்றும் அதில் இருக்கிறது. நேற்று நீங்கள் வீட்டுக்கு வந்து ஒரு கேள்வி கேட்டீர்கள். நான் ஒரு பதில் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டீர்கள். அந்தப் பதில் தவறு. அதைத் திருத்தத்தான் காகிதம் கேட்டேன். ஆனால் அதை மட்டும் திருத்தினால் உங்களுக்கு ஒன்றும் புரியாது. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

என் வேலை காது சோதிப்பது. மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் சத்தம் புகாத ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கிறது. ஆளை உள்ளே உட்காரவைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, "சத்தம் கேட்டா அழுத்துங்க, எவ்வளவு மெல்லிசா இருந்தாலும் அழுத்துங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து உட்காருவேன். பீப், பீப், பீப். இருபத்தாறு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். சாயங்காலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் பஸ்ஸும் பீப் என்கிற மாதிரி இருக்கும்.

இந்தத் தொழிலில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆலைகளிலிருந்து நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களில் சிலர், நன்றாகக் கேட்டும் கேட்காத மாதிரி நடிப்பார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க எனக்குக் கருவி தேவையில்லை. நிஜமாகவே காது மந்தமானவர் தடுமாறுவார். கேட்டதா, கேட்கவில்லையா என்ற சந்தேகத்தில், நான் ஒன்றும் அனுப்பாதபோதுகூட அழுத்திவிடுவார். நடிக்கிறவர் அந்தத் தப்பைச் செய்யவே மாட்டார். ஒருமுறைகூட அழுத்தாமல், இமைகூட அசையாமல் உட்கார்ந்திருப்பார். எல்லாமே கேட்கிறவரால்தான் அவ்வளவு சுத்தமாகச் சும்மா இருக்க முடியும்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அக்கா.

அக்கா எனக்குப் பதினொரு வயது மூத்தவள். முப்பது வருஷம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கிற வேலை பார்த்தவள். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். அவளுக்கும் கல்யாணம் ஆகவில்லை, எனக்கும் ஆகவில்லை, இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசிக்கொண்டதும் இல்லை. நாலு வருஷத்துக்கு முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அதற்கப்புறம் நாலு கால் ஊன்றுகட்டையைப் பிடித்துக்கொண்டு அறைக்கும் குளியலறைக்கும் நடப்பதோடு சரி. சின்ன வயதிலிருந்தே இழுப்பு வேறு. கையோடு ஒரு இன்ஹேலர் இருந்தால் சமாளித்துக்கொள்வாள்.

அவள் விழுந்தபோது உள்பக்கம் திறக்கிற கதவில் சாய்ந்தே விழுந்துவிட்டதால், கதவைத் திறக்கவே எங்களுக்கு அரைமணி நேரம் ஆயிற்று. இனிமேல் அவள் புழங்குகிற அறைகளின் கதவெல்லாம் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி இருக்கட்டும் என்று மருத்துவர் சொன்னார். மறுவாரமே தச்சரைக் கூப்பிட்டுக் கீல்களை மாற்றினேன். அப்போது அக்கா, "பாரு, எனக்காகக் கதவையே திருப்பி வெச்சுட்டான்" என்று கீழ்வீட்டுத் தையல்காரரிடம் பெருமையாகச் சொன்னாள். அவரைக் கேட்டால் சொல்வார்.

அவள் பேசுவாள். அது ஒன்றுதான் அவள் செய்த குற்றம். முப்பது வருஷம் காதில் யாராவது பேசிக்கொண்டே இருந்து பழகிப்போனவளுக்கு, பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நான் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டதும் ஆரம்பிப்பாள்.

"இன்னிக்கு எத்தனை காது பார்த்தே?"

"பதினேழு."

"பதினேழு ஆளா, பதினேழு காதா?"

முதல் வருஷம் சிரித்தேன். இரண்டாம் வருஷம் புன்னகை செய்தேன். மூன்றாம் வருஷம் எண்ணைச் சொல்லும்போதே "ஆள்" என்று சேர்த்துச் சொல்லிப் பார்த்தேன். அவள் அப்போதும் அதே கேள்வியைக் கேட்டாள். அதன்பிறகு கீழ்வீட்டில் யார் வந்தார்கள், ஜன்னல் வழியே என்ன தெரிந்தது, ரேடியோவில் என்ன சொன்னார்கள், நான் ஏன் இளைத்துப்போகிறேன் என்று ஓடிக்கொண்டே இருக்கும். நான் பேசாமல் இருந்தால் அறைக்குள்ளிருந்து, "லைன்ல இருக்கியா?" என்பாள். நிலையத்தில் பழகின வார்த்தை. ஒரு நாளைக்கு இருபது தடவை, முப்பது தடவை. "இருக்கேன்க்கா" என்று சொல்லாதவரை விடமாட்டாள்.

எனக்கு அக்காவைப் பிடிக்கும். இதை இந்த இடத்தில் எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள், ஆனாலும் உண்மை அதுதான். எனக்கு அலுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். இரவு எட்டு மணி நேரம் தூங்கினாலும் காது மட்டும் தூங்காத மாதிரி ஒரு அலுப்பு. ஒரு நாளைக்கு ஒரே ஒரு மணி நேரம், நானாகத் தேர்ந்தெடுத்த சத்தத்தை மட்டும் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதில் தப்பு ஒன்றும் இருப்பதாக இப்போதும் நினைக்கவில்லை.

கையைக் கடிக்காத விலையில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் தேடி ஆறு மாதம் அலைந்தேன். கடைசியில் மின்சாமான் கடைகள் இருக்கிற தெருவின் கோடியில் ஒரு கடை கிடைத்தது. புதுசும் பழசும் கலந்து விற்கிறவர். தெருவில் எல்லோரும் அவரை ஒயர்க்காரர் என்று கூப்பிடுவார்கள். ஆனால் அந்தத் தெருவிலேயே விலை அதிகமான ஒயரை வாங்காதே என்று சொல்கிற ஒரே ஆள் அவர்தான். "இருக்கிற காசுல முக்கால்வாசியை ஸ்பீக்கர்ல போடுங்க சார். மிச்சத்துல பழைய ஆம்ப் ஒண்ணு நான் சரிபண்ணித் தரேன். ஒயர் எந்த ஒயரா இருந்தா என்ன, கரண்ட் போனா சரி" என்றார்.

நல்ல மனிதர். இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிட்டுக் கேட்கும்போது, எது ஒரு துளி சத்தமாக இருக்கிறதோ அதுதான் நல்லது என்று காது சொல்லிவிடும். கடைக்காரர்கள் தாங்கள் தள்ளிவிட நினைக்கிற ஜோடியை அந்த ஒரு துளி கூட்டித்தான் வைப்பார்கள். ஒயர்க்காரர் அப்படிச் செய்யவில்லை. இரண்டையும் ஒரே அளவில் வைத்துவிட்டு, என்னை உட்காரவைத்துவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார். நீங்கள் வாங்குவதாக இருந்தால் அவரிடமே வாங்கலாம்.

கடைசியில் இரண்டு ஜோடிகள் மிஞ்சின. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சின்ன ஸ்பீக்கர் பெட்டிகளில் காற்று போய்வர ஒரு துளை இருக்கும். சிலவற்றில் அது முன்பக்கம் இருக்கும், சிலவற்றில் பின்பக்கம். முன்துளை உள்ளதைச் சுவரோடு ஒட்டி வைத்தாலும் பெரிதாகக் கெடாது. பின்துளை உள்ளதைச் சுவரிலிருந்து இரண்டு அடியாவது தள்ளி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பேஸ் என்கிற கீழ்ச்சத்தம் ஊதிப்போய், வயலினுக்குச் சளி பிடித்த மாதிரி ஆகிவிடும்.

கூடத்தின் அளவைக் காகிதத்தில் வரைந்து ஒயர்க்காரரிடம் காட்டினேன். பதினாலு அடி நீளம், பத்தடி அகலம். நீளச் சுவர் ஒன்றில் ஜன்னல், அதற்கு எதிர்ச் சுவரில் அக்காவின் அறைக்கதவு. அவர் பார்த்ததும் சொல்லிவிட்டார்.

"இந்த ரூமுக்கு முன்துளைதான் சார் சரி. விலையும் கம்மி. நான் பெரிசா லாபம் பார்க்கல, உள்ளதைச் சொல்றேன்."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு நாள் யோசித்தேன். பின்துளை ஜோடியை வாங்கினேன். ஆம்ப்ளிஃபயரில் மிச்சம் பிடித்ததையும் அதிலேயே போட்டேன். அதன் மேல்ஸ்தாயி கொஞ்சம் இதமாக இருந்தது என்று அவரிடம் சொன்னேன். அவரும் தலையாட்டினார்.

ஸ்பீக்கர்களை ஜன்னல் சுவருக்கு இரண்டு அடி முன்னால், இரண்டு முக்காலிகளின் மேல் வைத்தேன். இரண்டுக்கும் நடுவே ஆறடி. கேட்கிறவன் உட்காரும் இடமும் இரண்டிலிருந்தும் ஆறடி தள்ளி இருக்க வேண்டும். அப்படி ஒரு முக்கோணம் அமைந்தால், இரண்டு பெட்டிக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில், வயலின்காரர் வந்து உட்காருவார். கண்ணை மூடினால் வில்லைப் பிடித்திருக்கிற கை எந்த உயரத்தில் இருக்கிறது என்றுகூடத் தெரியும். டேப்பால் அளந்து பார்த்தேன். ஒற்றை சோபாவின் முதுகு அக்காவின் அறைக்கதவில் போய் முட்டியது. சோபாவின் கால்கள் வர வேண்டிய நாலு இடத்திலும் தரையில் கறுப்பு டேப் ஒட்டினேன். நீங்கள் குனிந்து பார்த்தது அதைத்தான்.

அக்காவிடம் மறைக்கவில்லை.

"ஆறிலேர்ந்து ஏழு வரைக்கும் பாட்டு கேட்கப்போறேன்க்கா. அந்த ஒரு மணி நேரம் உன் கதவு திறக்காது. ஏதாவது வேணும்னா முன்னாடியே சொல்லிடு."

"திறக்காட்டி என்ன, நான் எங்க ஓடப்போறேன்?" என்றாள். "நல்லா சத்தமா வை. எனக்கும் கேட்கட்டும்."

ஐந்து மாதம் அப்படியே போயிற்று. அவள் கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கேட்பாள். பேச முடியாது என்பதால் விரல் முட்டியால் கதவில் தாளம் போடுவாள். எப்போதும் அரைத் தட்டு பிந்தித்தான் வரும். அது சோபா வழியாக என் முதுகில் வந்து விழும். இதில்கூட நான் தனியாக இல்லையா என்று சில நாள் அழுகை வந்தது. எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம், நிறுத்தியிருப்பாள். சொன்னால் ஏன் என்று கேட்பாள், அப்புறம் அதைப் பற்றி ஒரு வாரம் பேசுவாள். நினைக்கும்போதே அலுப்பாக இருந்தது.

நான் அதிகம் கேட்டது ஒரு வயலின் கச்சேரியின் இசைத்தட்டு. மேடையில் வாசித்ததை அப்படியே பதிந்தது. முதல் பக்கத்தின் கடைசியில், கூட்டத்தில் யாரோ ஒருவர் இருமுவார். ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர் என்பதால் அந்த இருமல் அறைக்குள்ளேயே கேட்கும். ஒவ்வொரு தடவையும் அக்காதான் இருமுகிறாள் என்று சட்டென்று கதவுப் பக்கம் திரும்பிவிடுவேன். எத்தனை தடவை கேட்டாலும் அப்படித்தான். எனக்கே சிரிப்பு வரும்.

அந்த நாளைப் பற்றி இனி எழுதுகிறேன். மதியம் அக்கா மருத்துவமனைக்கு ஃபோன் செய்தாள். இன்ஹேலர் தீர்ந்துவிட்டது, வரும்போது வாங்கி வா என்றாள். வாங்கினேன். மருந்துக்கடை ரசீது உங்களிடம் இருக்கிறது, நேரமும் போட்டிருக்கும். ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வீட்டுக்குள் நுழைந்தேன்.

"வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேன்க்கா. தரேன்."

"இன்னிக்கு எத்தனை காது?"

"பன்னெண்டு."

"பன்னெண்டு ஆளா, பன்னெண்டு காதா?"

நான் அவள் அறைக்கதவைச் சாத்தினேன். சோபாவை இழுத்து டேப் குறிகளின் மேல் வைத்தேன். தட்டைப் போட்டு உட்கார்ந்தேன். மருந்துக்கடைக் காகிதப்பை சட்டைப்பையில் இருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் அது சரசரவென்றது. மெல்லிய இடங்களில் இடைஞ்சலாக இருந்ததால், எடுத்துக் கால் பக்கத்தில் தரையில் வைத்தேன்.

முதல் பக்கம் முடிய ஒன்பது நிமிஷம் இருந்தபோது தட்ட ஆரம்பித்தாள். என் முதல் வாக்குமூலத்தில் கேட்கவில்லை என்று சொன்னேன். நீங்கள் விடாமல் கேட்டதும், தாளம் போடுகிறாள் என்று நினைத்திருப்பேன் என்று மாற்றிச் சொன்னேன். கீழ்வீட்டுத் தையல்காரரும் அதையே சொல்லியிருக்கிறார்: "மேல தட்டுற சத்தம் கேட்டுச்சு, அந்தம்மா பாட்டுக்குத் தாளம் போடுறாங்கன்னு விட்டுட்டேன்." அவர் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார், அவரைக் கஷ்டப்படுத்தாதீர்கள். அவர் முதுகு அந்தக் கதவில் சாய்ந்திருக்கவில்லை. ஐந்து மாதமாக அரைத் தட்டு பிந்தி வந்த தாளம் எனக்குத் தெரியும். இது எந்தத் தாளத்திலும் இல்லை. முதலில் முட்டியால் தட்டினாள், பிறகு உள்ளங்கையால். அப்புறம் ஊன்றுகட்டை கீழே விழுந்தது. தரைக்குப் பக்கத்திலிருந்து, "லைன்ல" என்று ஒரு வார்த்தை வந்தது. மீதி வரவில்லை.

கூட்டத்தில் அந்த ஆள் இருமினார். அன்றைக்கு நான் திரும்பவில்லை.

என் கூண்டில் உட்கார்ந்து யாராவது இப்படி இருந்திருந்தால், சீட்டில் என்ன எழுதியிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

பக்கம் முடிந்தது. எழுந்துபோய்த் தட்டைத் திருப்பினேன். பாட்டு நின்று மறுபடி ஆரம்பித்தது என்று தையல்காரர் சொன்னதைத்தான் நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். அது சரி. திருப்புவதற்கு ஆன அந்த அரை நிமிஷம் வீடு அமைதியாக இருந்தது. நாலு வருஷத்தில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. உடம்பிலிருந்து யாரோ ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. திரும்பவும் வந்து அதே இடத்தில் உட்கார்ந்து இரண்டாம் பக்கத்தை முழுசாகக் கேட்டேன். அன்று மாதிரி வயலின்காரர் அவ்வளவு தெளிவாக வந்து உட்கார்ந்ததே இல்லை.

ஏழு மணிக்கு, வழக்கம்போல, சோபாவை நகர்த்திவிட்டுக் கதவைத் திறந்தேன். கதவில் சாய்ந்திருந்ததால் அக்கா என் கால்மேல் சரிந்தாள். "அக்கா, லைன்ல இருக்கியா?" என்று கேட்டேன். அதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு காகிதப்பையைப் பிரித்து இன்ஹேலரை எடுத்து அவள் கையில் வைத்தேன். அதைப் பார்த்துத்தான் நீங்கள் முதல் வாரம் முழுக்கக் குழம்பினீர்கள்.

இதையெல்லாம் எழுதும் வரைக்கும் எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. அந்த ஒன்பது நிமிஷம் ஒரு களைத்துப்போன மனிதனின் தவறு, அவ்வளவுதான். அறை அப்படி அமைந்துவிட்டது, ஸ்பீக்கர் அப்படி அமைந்துவிட்டது, சோபா இருக்க வேண்டிய இடம் அந்தக் கதவாகப் போய்விட்டது. பத்து நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். இதில் ஓரளவு தூக்கமும் வந்தது.

நேற்று நீங்கள் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் மாதிரி கேட்டீர்கள். "ஸ்பீக்கரை அந்தக் குறுக்குச் சுவர்ல வெச்சு, சோபாவை இப்படித் திருப்பிப் போட்டிருக்கலாமே, கதவும் திறக்குமே?" நான், பத்தடி அகலமுள்ள அந்தக் குறுக்குச் சுவரில் வைத்தால் ஓசை சிதறிவிடும், நடுவில் குரல் நிற்காது என்றேன். நீங்கள் நம்பி எழுதிக்கொண்டீர்கள். காது சோதிக்கிறவன் சொன்னால் யாரும் நம்புவார்கள்.

அந்தப் பதில் என் பெயரில் ஒரு கோப்பில் கிடப்பதை என்னால் தாங்க முடியவில்லை. ஒயர்க்காரர் படித்தால் என்ன நினைப்பார்? நீள அறையில் ஸ்பீக்கரைக் குறுக்குச் சுவரில் வைத்து நீளவாட்டில் பாடவிடுவதுதான் முறை. கேட்கிறவனின் தலைக்குப் பின்னால் நாலடியாவது காலியாக இருக்க வேண்டும். கதவில் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டால் கீழ்ச்சத்தம் ஊதிப்போகும். ஐந்து மாதமும் ஊதித்தான் போயிருந்தது. கத்துக்குட்டிகூட அந்த இடத்தில் சோபாவைப் போடமாட்டான். ஆகவே தயவுசெய்து இப்படித் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கர் வந்த முதல் நாள், அக்கா மதியத் தூக்கத்தில் இருந்தபோது, குறுக்குச் சுவரில்தான் வைத்தேன். சோபாவை எதிரே போட்டு அரைமணி நேரம் கேட்டேன். மிக நன்றாக இருந்தது. அக்காவின் கதவு முழுசாகத் திறக்கிறதா என்றும் பார்த்தேன். திறந்தது. அதன்பிறகுதான் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டுபோய் ஜன்னல் பக்கம் வைத்தேன்.